பொலன்னறுவையை நண்பர்களோடு ஒரே நாளில் சுற்றுவது எப்படி? நந்தியிலிருந்து கல் விகாரை வரை

பொலன்னறுவைக்கு இதுவரை நாலு முறை போயிருக்கிறேன். முதல் இரண்டு முறையும் எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். வேனில் இறங்கி, கல் விகாரையில் படம் எடுத்து, இளநீர் குடித்துவிட்டு, அடுத்த ஊருக்குக் கிளம்பினோம். மூன்றாம் முறைதான் ஐந்து பேராகச் சைக்கிளில் போய், சிவன் கோவிலில் தொடங்கி விகாரைகளுக்கு வந்தோம். அந்த வரிசையில் பார்த்தபோதுதான் ஊர் பிடிபட்டது. கீழே சொல்லும் வழி அந்தப் பயணத்திலும் அடுத்த பயணத்திலும் தேறியது.

போவதற்கு முன் கொஞ்சம் சரித்திரம், நாலே வரி. அனுராதபுரத்தைக் கைப்பற்றிய சோழர்கள் பொலன்னறுவையைத் தங்கள் தலைநகராக்கி, ராசராசனின் பட்டப்பெயரால் சனநாதமங்கலம் என்று அழைத்தார்கள். 1017இல் சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துத் தமிழகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1070 அளவில் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றி, அதே ஊரிலிருந்து ஆண்டான். பின்னால் பராக்கிரமபாகு (1153–1186), அதற்கடுத்து நிசங்கமல்லன். 1215இல் கலிங்க மாகன் படையெடுத்து வந்தான். அந்த நூற்றாண்டிலேயே ஊர் கைவிடப்பட்டுக் காடு மூடியது. நீங்கள் பார்க்கப்போவது ஏறக்குறைய 200 ஆண்டுகளில் கட்டப்பட்டவை. அதனால் எல்லாமே பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்.

எப்போது, எப்படிப் போவது

இது வறண்ட வலயம். டிசம்பர், சனவரியில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். ஏப்ரலில் வெயில் ஆளை உரிக்கும். ஆகஸ்ட், செப்டம்பரில் வெயில் இருந்தாலும் மழைக்கு வாய்ப்புக் குறைவு. பக்கத்திலுள்ள மின்னேரியாவில் யானைகள் கூட்டமாகச் சேரும் காலமும் அதுதான், இரண்டையும் ஒரே பயணத்தில் முடிக்கலாம். போயா எனப்படும் பௌர்ணமி நாளில் போனால் வெள்ளை உடுத்த பக்தர் கூட்டம் நிறைந்திருக்கும். அந்த அமைதியும் பூவாசமும் வேண்டுமென்றால் அன்றைக்கே போங்கள், கற்களை ஆற அமரப் பார்க்க வேண்டுமென்றால் சாதாரண வாரநாள்தான் சரி.

கொழும்பு–மட்டக்களப்பு ரயில் பாதையிலேயே ஊர் இருக்கிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: பொலன்னறுவை ரயில் நிலையமும் பெரிய பஸ் நிலையமும் பழைய நகரில் இல்லை, கிழக்கே சுமார் 4 கிலோமீட்டர் தள்ளி கதுருவெலயில் இருக்கின்றன. கொழும்பு, கண்டி பக்கமிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள் கதுருவெல வரை போகாமல் பழைய நகரிலேயே இறங்கிவிடலாம். நடத்துனரிடம் முன்பே சொல்லிவையுங்கள். மட்டக்களப்பிலிருந்து வந்தால் மன்னம்பிட்டிப் பாலம் தாண்டி முதலில் கதுருவெலதான் வரும், அங்கே ஓட்டோ பிடித்துக்கொள்ளலாம்.

முதல் நாள் மாலையே வந்து தங்கிவிடுவது நல்லது. காலை ஏழு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையில் கிடைக்கும் வெளிச்சமும் குளிர்ச்சியும் பிறகு கிடைக்காது.

குழுவை ஒழுங்குபண்ணுவது

ஐந்து பேருக்கு மேல் வேண்டாம். ஆறாவது ஆள் வந்தால் எப்போதும் ஒருவர் தண்ணீர் வாங்கப் போயிருப்பார், மற்றவர்கள் அவருக்காகக் காத்திருப்பார்கள். எங்கள் ஐந்து பேரில் ஒருத்தி சிங்களம் நன்றாக வாசிப்பாள், ஒருவன் சென்னையிலிருந்து வந்தவன், ஒருவனுக்குக் கல்லைப் பற்றிய அக்கறையே கிடையாது, குரங்குதான் வேண்டும். அப்படி ஒருவன் கூட இருப்பது நல்லதுதான், எல்லோரும் ஒரே தூணின் முன் அரைமணி நேரம் நின்றுவிடாமல் அவன் பார்த்துக்கொள்வான்.

குரங்குப் பிரியருக்கு ஒரு செய்தி: இங்குள்ள செங்குரங்குகளை 1968 முதல் ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். உலகில் இவ்வளவு நீண்டகாலம் நடக்கும் குரங்கு ஆய்வுகள் மிகக் குறைவு. அவற்றுக்குப் பிஸ்கட் கொடுக்காதீர்கள். பையின் ஜிப்பைத் திறக்க அவற்றுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கொண்டுபோக வேண்டியவை: தோளையும் முழங்காலையும் மூடும் உடை, ஆளுக்கு இரண்டு போத்தல் தண்ணீர், தொப்பி, பழைய காலுறை ஒரு சோடி. காலுறையை மறந்தால் வருந்துவீர்கள். விகாரை மேடையில் செருப்பும் தொப்பியும் கழற்றித்தான் ஏற வேண்டும். பதினொரு மணிக்கு அந்தக் கருங்கல் தோசைக்கல் மாதிரி இருக்கும்.

படி ஒன்று: சீட்டும் சைக்கிளும்

நுழைவுச்சீட்டு குளக்கரையை ஒட்டிய அருங்காட்சியகத்தில் கொடுக்கிறார்கள், இடிபாடுகளின் வாசலில் இல்லை. இது தெரியாமல் முதல் முறை நேரே வாசலுக்குப் போய் நின்று, திரும்பி வந்து, நல்ல காலை நேரம் முக்கால் மணி வீணானது. இலங்கையருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு. சார்க் நாட்டவருக்கு வெளிநாட்டுக் கட்டணத்தில் சலுகை உண்டு, அதற்குக் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். சீட்டை உள்ளேயும் கேட்பார்கள், எறிந்துவிடாதீர்கள்.

அருங்காட்சியகத்தைக் கடைசிக்குத் தள்ளாமல் முதலிலேயே பாருங்கள். கட்டடங்கள் முழுமையாக இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று காட்டும் மாதிரிகள் உள்ளே இருக்கின்றன. அவற்றைப் பார்த்தபின் வெளியே நிற்கும் மொட்டைத் தூண்களுக்கு மனதில் கூரை போட்டுக்கொள்ளலாம். செப்புத் திருமேனிகளையும் தவறவிடாதீர்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்குள்ள சிவன் கோவில்களைத் தோண்டியபோது நடராசர், அம்மன், நாயன்மார் என்று வரிசையாகக் கிடைத்தன. அவற்றில் பல இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன.

சைக்கிள் தங்குமிடத்திலேயே வாடகைக்குக் கிடைக்கும். எடுக்கும்போது பிரேக்கையும் சங்கிலியையும் பாருங்கள். என் சைக்கிளின் சங்கிலி ஒரே நாளில் மூன்று முறை கழன்றது. ராங்கொத் விகாரைப் படிக்கட்டில் உட்கார்ந்து கையெல்லாம் கிரீஸ் பூசிக்கொண்டதுதான் அந்த விகாரையைப் பற்றி எனக்கு நன்றாக நினைவிருக்கும் காட்சி.

படி இரண்டு: அரண்மனை, வேகமாக

தெற்கே பராக்கிரமபாகுவின் அரண்மனை. மிகப் பருமனான செங்கல் சுவர்கள், அவற்றில் மரச்சட்டம் செருகிய துளைகள். ஏழு மாடி இருந்தது என்று பழைய பாளி வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பக்கத்து அரசவை மண்டபத்தின் அடித்தளத்தில் யானை வரிசை செதுக்கியிருக்கிறார்கள், அதை மட்டும் குனிந்து பாருங்கள், ஒரு யானை மாதிரி இன்னொன்று இல்லை. இருபது நிமிடம் போதும். வெயில் ஏறுவதற்குள் போகவேண்டிய இடம் வேறு.

படி மூன்று: இரண்டாம் சிவன் கோவில்

வழிகாட்டிப் பலகையில் 'சிவ தேவாலய' என்று பார்த்ததும் சென்னை நண்பன் நின்றுவிட்டான். "மச்சி, இங்க சர்ச்சும் இருக்கா?" தமிழ்நாட்டில் தேவாலயம் என்றால் மாதா கோவில்தானே. சிங்களத்தில் தேவர்களுக்கான கோவில் எல்லாமே தேவாலய. புத்தருக்கானது விகாரை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் நாள் முழுவதும் பலகைகளை வாசிக்கலாம். எண்கள் தொல்லியல்காரர்கள் இட்டவை, கோவில்களின் வயதுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. இரண்டாம் எண்தான் மூத்தது.

அடுத்த படியில் பார்க்கப்போகும் நாற்கோண முற்றத்திலிருந்து வடகிழக்கே, மரங்களுக்கு நடுவே செல்லும் மண்பாதையில் இருக்கிறது. பெரும்பாலான வேன்கள் இந்தப் பக்கம் திரும்புவதில்லை. பொலன்னறுவையில் இன்று எழுந்து நிற்கும் கட்டடங்களில் மிகப் பழையது இதுதான். முழுக்க முழுக்கக் கல்லால் கட்டியது, 11ஆம் நூற்றாண்டுச் சோழர் வேலை. கல்வெட்டுகள் இதை வானவன்மாதேவி ஈசுவரம் என்கின்றன. செங்கல் சுவர்கள் சரிந்து கிடக்கும் ஊரில், அடித்தளம் முதல் சிகரம் வரை அப்படியே நிற்கும் ஒரு சிறிய கற்றளி. தஞ்சைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றின் கோவிலைத் தூக்கிவந்து காட்டுக்குள் வைத்தது போல இருக்கும்.

அவசரப்படாமல் சுற்றிவாருங்கள். சுவர்ப் பட்டியில் தமிழ் எழுத்துகள் ஓடும். மேலே அண்ணாந்து பாருங்கள், விமானத்தின் மூலைகளில் நந்திகள் உட்கார்ந்திருக்கும். அந்த மாடுகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த நிறுத்தத்தில் அவற்றைத் தேடுவோம்.

கருவறையில் லிங்கம் உண்டு. நாங்கள் போனபோது முன்னால் ஒரு மண்விளக்கு, திரி கருகி, எண்ணெய் இன்னும் காயாமல் இருந்தது. பக்கத்தில் நாலைந்து செம்பருத்திப் பூ. யாரோ அன்று காலையில் வந்து போயிருக்கிறார்கள். ஆகவே இதையும் வழிபாட்டிடமாகவே நடத்துங்கள், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறுங்கள்.

படி நான்கு: நாற்கோண முற்றம்

நேரத்தை இங்கேதான் செலவிட வேண்டும், ஒன்றரை மணி நேரமாவது. சிங்களத்தில் தளதா மளுவ, அதாவது புனித தந்த முற்றம். புத்தரின் தந்தம், அதாவது பல், யாரிடம் இருக்கிறதோ அவனே அரசன் என்ற நம்பிக்கை இருந்ததால், ஒவ்வொரு அரசனும் அதற்கென்று ஒரு மாளிகை கட்டினான். அதனால்தான் ஒரே மேடையில் இத்தனை கட்டடங்கள்.

முதலில் வட்டதாகே. வட்டமான இரண்டடுக்கு மேடை, நடுவில் சிறு தாதுகோபம் (தூபி), நாலு வாசலுக்கும் நேராக நாலு புத்தர். வாசற்படியின் அடியில் அரைவட்டமாகச் சந்திரவட்டக்கல் கிடக்கும். எல்லோரும் அதை மிதித்துக்கொண்டே மேலே ஏறுவார்கள். நீங்கள் குந்திப் பாருங்கள். அன்னவரிசை, யானைவரிசை, குதிரைவரிசை, கொடி, நடுவில் தாமரை. அனுராதபுரத்துச் சந்திரவட்டக்கல்லில் யானை, குதிரை, சிங்கத்தோடு மாடும் இருக்கும். இங்கே மாடு இல்லை.

ஏன் இல்லை? சோழர் இருந்துபோன ஊர், சைவர்கள் வாழ்ந்த ஊர், அவர்கள் கும்பிடும் நந்தியைக் காலால் மிதிக்கும்படி வைக்கக் கூடாது என்று எடுத்துவிட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். எனக்கு இந்த ஊரில் மிகப் பிடித்த இடம் இதுதான், இல்லாத அந்த மாடு. சற்று முன் கோவில் உச்சியில் நந்தியைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அது இல்லாதது கண்ணில் படும். வரிசையை நான் வலியுறுத்துவது இதற்காகத்தான்.

அடுத்தது அட்டதாகே. விசயபாகு தந்தத்துக்குக் கட்டிய மாளிகை, இப்போது தூண்கள் மட்டும். அருகில் உயரமான கற்பலகை ஒன்று நிற்கிறது, பெரும்பாலும் தமிழ். வேளைக்காரர் கல்வெட்டு. வேளைக்காரர் என்பது தமிழகத்திலிருந்து வந்த கூலிப்படை. சோழரோடு போரிடச் சொன்னபோது விசயபாகுவையே எதிர்த்துக் கலகம் செய்து அடக்கப்பட்டவர்கள். அதே வேளைக்காரர்கள் அவன் இறந்தபின், பிக்குகள் அழைத்துக் கேட்டுக்கொண்டதற்கு இணங்கி, இந்தத் தந்த மாளிகையைக் காக்கும் பொறுப்பை ஏற்று எழுதிக்கொடுத்தது இந்தக் கல். மாளிகைக்கு 'மூன்றுகைத் திருவேளைக்காரன் தளதாய்ப் பெரும்பள்ளி' என்று தங்கள் பெயரையே சூட்டினார்கள். பௌத்தர்களின் ஆகப் புனிதமான பொருளுக்குக் காவல் தமிழ்ப்படை, அதற்குச் சாட்சி தமிழ்க் கல்வெட்டு.

இங்கே நண்பர்களோடு ஒரு விளையாட்டு: ஆளுக்கு ஐந்து நிமிடம், யார் அதிக எழுத்துகளைக் கண்டுபிடிப்பது? ட, ப, ம எளிதில் அகப்படும். மற்றவை மெதுவாகத்தான் வரும், சாய்வான வெயிலில் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாக. எங்களில் வென்றது குரங்குப் பிரியன்.

நிசங்கமல்லனின் கல்பொத்த, அதாவது கல்நூல், பக்கத்திலேயே கிடக்கிறது. சுமார் 8 மீட்டர் நீளக் கல், எடை 25 தொன் என்கிறார்கள். தன் பெருமையைத் தானே செதுக்கிவைத்துவிட்டு, கல்லை மிகிந்தலையிலிருந்து கொண்டுவந்த பெருமையையும் அதிலேயே சேர்த்திருக்கிறான். பக்கவாட்டில் பாருங்கள், இரண்டு யானைகள் நீராட்டும் கஜலட்சுமி. தூபாராமத்துக்குள்ளும் ஒரு எட்டு நுழையுங்கள், செங்கல் வளைவுக் கூரை இன்னும் விழாமல் இருக்கிறது, உள்ளே குளிர்ச்சி. ஏழடுக்குச் சத்மகால் பிரசாதமும், தாமரைத் தண்டு போல வளைந்த தூண்கள் கொண்ட நிசங்கலதா மண்டபமும் கண்ணுக்கு விருந்து, நின்று விளக்க அதிகம் இல்லை.

இறங்கித் தெற்கே வந்தால் முதலாம் சிவன் கோவில். எண் ஒன்று என்றாலும் 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பாண்டியர் பாணி. கூரை போய்விட்டது. ஆனால் கல்லும் கல்லும் சேரும் இடத்தில் நகத்தை வைத்துப் பாருங்கள், நுழையாது. விகாரைகள் எழுந்து உச்சத்துக்குப் போனபிறகும் இங்கே சிவன் கோவில் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

படி ஐந்து: மதியம்

பன்னிரண்டு முதல் இரண்டரை வரை சுற்றாதீர்கள், வெயில் உங்களை வென்றுவிடும். சோறு கறி கிடைக்கும் கடைகள் ஊருக்குள் நிறைய, குளத்து மீன் இருந்தால் கேட்டு வாங்குங்கள். அப்புறம் மண்சட்டியில் எருமைத் தயிரும் கித்துள் பாணியும் (கித்துள் பனைப் பாகு). சாப்பிட்டுவிட்டுப் பராக்கிரம சமுத்திரத்தின் அணைக்கட்டில் மரநிழல் தேடிப் படுத்துக்கொள்ளலாம். சுமார் 14 கிலோமீட்டர் நீள அணை, பெயருக்கு ஏற்ற கடல்தான்.

படி ஆறு: வடக்குப் பக்கம்

மூன்று மணிக்குச் சைக்கிளை வடக்கே திருப்புங்கள். ராங்கொத் விகாரை பெரிய செங்கல் தாதுகோபம். கிரி விகாரை வெள்ளை. கிரி என்றால் சிங்களத்தில் பால், காட்டை வெட்டியபோது பழைய சுண்ணச்சாந்து உரியாமல் அப்படியே இருந்ததாம். இலங்காதிலகத்தில் இரண்டு மதில்கள் 17 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்க, நடுவே தலையில்லாத பெரும் புத்தர். வெளிச்சுவரைப் பார்க்காமல் போகாதீர்கள்: சுதையில் விமான வடிவங்கள், மாடங்கள், கணங்கள். தென்னிந்தியக் கோவில் சுவரில் பார்த்துப் பழகியவை, இங்கே புத்தர் வீட்டுச் சுவரில்.

கல் விகாரைக்கு நாலு மணிக்குப் போனால் சரியாக இருக்கும். ஒரே பாறையில் நாலு உருவங்கள். அமர்ந்த புத்தர், குகைக்குள் சிறிய புத்தர், கைகளைக் குறுக்கே மடித்து நிற்கும் 7 மீட்டர் உருவம், 14 மீட்டர் நீளத்தில் படுத்திருப்பவர். நிற்பவர் புத்தரின் சீடர் ஆனந்தரா, புத்தரேதானா என்ற பழைய வழக்கு உண்டு, உங்கள் குழுவிலும் அது தொடங்கும். புத்தர்தான் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து. குகைக்குள் இருப்பவரை எல்லோரும் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்வார்கள். நீங்கள் கண் பழகும்வரை நில்லுங்கள், அவருக்கு இருபுறமும் நான்கு கையோடு பிரமனும் திருமாலும் தெரிவார்கள்.

படுத்திருப்பவரின் தலைமாட்டுக்குப் போங்கள். தலையின் பாரத்தில் தலையணை அமுங்கியிருக்கிறது, கருங்கல் தலையணை. பிறகு கால்மாட்டுக்கு நடங்கள். இரண்டு பாதங்களும் சரியாகப் பொருந்தாமல், மேல்கால் சற்றே பின்னால் இழுத்திருக்கும். தூங்குபவரின் கால் ஒட்டியிருக்கும், இது பரிநிர்வாணம், அதாவது புத்தரின் இறுதி மறைவு, என்பதற்கு அதுதான் அடையாளம் என்பார்கள். எங்கள் சிங்களத் தோழி அதைச் சொன்னபிறகு சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

படம் எடுக்கலாம். ஆனால் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்பி எடுக்காதீர்கள், காவலர் விசில் அடிப்பார். உடம்பில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொண்டே வாருங்கள், அதற்காக நாட்டைவிட்டு அனுப்பப்பட்டவர்கள் உண்டு.

படி ஏழு: தமிழ்த் தூபி

இன்னும் வடக்கே எட்டிதழ்த் தாமரைக்குளம், அதைத் தாண்டித் திவங்க சிலைமனை. மூன்று இடத்தில் வளைந்து நிற்கும் புத்தர், சுவரில் மங்கிய பழைய ஓவியங்கள், வெளியே குள்ளப் பூதங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

அதன் அருகே மரம் மண்டிய ஒரு மேடு. பார்த்தால் குன்று என்றுதான் நினைப்பீர்கள். அதன் பெயர் தெமள மகா சேய, தமிழ்ப் பெருந்தூபி. பாண்டிநாட்டுப் போரில் பிடித்துவந்த தமிழ்க் கைதிகளைக் கொண்டு பராக்கிரமபாகு கட்டத் தொடங்கியது. முடியவில்லை. காலையில் தமிழ் அரசர்கள் தங்கள் கடவுளுக்குக் கட்டிய கோவிலைப் பார்த்தோம், நடுப்பகலில் காவலுக்கு நின்ற தமிழ்ப்படையின் கல்வெட்டு, இங்கே கைதிகளாக வந்து செங்கல் சுமந்தவர்கள். அவர்கள் பெயரைச் சொல்ல இங்கே கல்வெட்டு எதுவும் நிற்கவில்லை. வேர்களுக்கிடையே சில செங்கற்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. சென்னை நண்பன் ஒன்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

ஐந்தரைக்கெல்லாம் திரும்ப மிதிக்கத் தொடங்கிவிடுங்கள். இருட்டினால் காட்டோரப் பாதைகளில் யானை நடமாட்டம் உண்டு, சைக்கிளில் அதற்கு முன்னால் போய் நிற்பது நல்லதல்ல. சைக்கிளைக் கொடுக்கும்போது, கழன்ற சங்கிலிக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பதையும் சொல்லிவையுங்கள்.